அடைத்த சன்னல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அரூப ஓவியம் (காணும் பொருளை அப்படியே வரையாமல் நிறத்தாலும் வடிவத்தாலும் தீட்டுவது) பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அரூப ஓவியர்கள் பழைய மரபைத் தூக்கியெறிந்தவர்கள் என்று அதில் வருவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சன்னலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓவியம் ஒரு திறந்த சன்னல் மாதிரி என்று இத்தாலியக் கலை அறிஞர் ஆல்பர்ட்டி எழுதியது 1435இல். 1914இல் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் தென்பிரான்சின் கடலோர ஊரான கொல்யூரில் தீட்டிய சன்னலும் திறந்துதான் இருக்கிறது. ஆனால் வெளியே கடலும் இல்லை, தெருவும் இல்லை, வெறும் கறுப்பு. 1949இல் பாரிசின் நவீன கலை அருங்காட்சியகத்துக்குப் போன அமெரிக்க அரூப ஓவியர் எல்ஸ்வொர்த் கெல்லியின் கண்ணில் பட்டது படங்களைவிட அங்கிருந்த நெட்டைச் சன்னல்கள்தான். அதில் ஒன்றின் சட்டங்களையும் குறுக்குக் கட்டைகளையும் அப்படியே படைப்பாக்கினார். ஐந்நூறு ஆண்டுப் பழைய ஒரு பேச்சுக்குப் பதில் சொல்பவரை மரபை அறுத்தவர் என்பது எப்படிப் பொருந்தும்?

அமெரிக்க அரூப ஓவியர் ரோத்கோ விஷயம் இன்னும் ஆழமானது. 1958இல் நியூயார்க்கின் சீக்ராம் கட்டடத்தில் ஓர் உணவகத்துக்கு ஓவியத் தொடர் தீட்ட ஒப்புக்கொண்டார். வேலை நடக்கும்போதுதான், ஃப்ளாரன்சில் மைக்கலாஞ்சலோ அமைத்த லாரன்சியன் நூலகத்தின் முன்கூடம் தன் மனத்தில் தங்கியிருப்பதை உணர்ந்தார். அந்தக் கூடத்தின் சுவரில் சன்னல்களுக்கு உரிய கல் நிலை உண்டு, மேலே முகப்பு வளைவும் உண்டு, திறப்பு மட்டும் கிடையாது. தூண்கள்கூடச் சுவருக்குள் அமுங்கி நிற்கின்றன. மேலே ஏறும் படிக்கட்டைத் தவிரப் பார்வைக்குப் போக்கிடமே இல்லை. ரோத்கோவின் அடர்சிவப்புப் பரப்பில் நிலைவாசல் போல எழும் வடிவங்களை இதை அறிந்துகொண்டு பார்த்தால், அவை வெறும் பட்டைகளாகத் தெரியாது. அவர் அந்த ஒப்பந்தத்தைக் கைவிட்டு முன்பணத்தைத் திருப்பித் தந்தார். அந்த ஓவியங்களில் ஒன்பது இன்று லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இத்தொடரின் ஓவியம் ஒன்றைத்தான் தீப்பெட்டி அளவில், எந்த விவரமும் இல்லாமல் அச்சிட்டிருந்தீர்கள். இவற்றில் பெரியவை ஏறக்குறைய 8¾ அடி உயரம், 15 அடி அகலம். பக்கத்தில் போனால் சுவரே நம்மைச் சூழ்வது போலிருக்க வேண்டியது, ஒரு நிறத்துண்டாகச் சுருங்கிவிட்டது. இனி அரூப ஓவியங்களை வெளியிடும்போது அளவையும், அவை இருக்கும் இடத்தையும், முடிந்தால் அந்த அறையின் ஒரு படத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்