பார்பரா ரே-வென்டர் அம்மாவுக்கு ஒரு லெட்டர்

அன்புள்ள பார்பரா அம்மா,

உங்களுக்கு தமிழ் தெரியாது, இது உங்க கைக்கு வரப்போறதும் இல்ல, இருந்தாலும் எழுதாம இருக்க முடியல. நேத்து ராத்திரி ஒரு மணி வரைக்கும் கோல்டன் ஸ்டேட் கில்லர் கேஸ்தான் படிச்சிட்டு இருந்தேன். 13 கொலை, 50க்கு மேல பாலியல் வன்கொடுமை, எல்லாம் 1974ல இருந்து 86க்குள்ள. கலிஃபோர்னியா போலீஸ் கைல டிஎன்ஏ இருக்கு, அது யாரோடதுன்னுதான் தெரியல. அவனைக் கண்டுபிடிச்ச டீம்ல ரிட்டயர் ஆன பேட்டன்ட் வக்கீல் ஒருத்தங்க, அதாவது நீங்க!

எங்க பெரியம்மா கல்யாண வீட்ல யாரைப் பாத்தாலும் "நீ யாரு வீட்டுப் புள்ள"ன்னு ஆரம்பிச்சு நாலே கேள்வில பூட்டன் வரைக்கும் போயிடுவாங்க. நீங்க பண்ணதும் அதான், என்ன, பதில் சொல்ல எதிர்ல ஆள் இல்ல. ஜெட்மேட்ச்னு, சொந்தக்காரங்களைத் தேட ஜனங்க அவங்க டிஎன்ஏ விவரத்தை ஏத்தி வெக்கிற ஒரு வெப்சைட், அதுல கொலைகாரனோட டிஎன்ஏவை ஏத்தினா வந்ததெல்லாம் தூரத்துச் சொந்தம், எள்ளுத்தாத்தாவுக்கும் மேல போனாத்தான் ஒட்டும். 1800கள்ல பொறந்தவங்க வரைக்கும் ஏறி, அப்புறம் புள்ள, பேரன், பேத்தின்னு கிளை கிளையா இறங்கி, பழைய சென்ஸஸ், பேப்பர்ல வந்த இரங்கல் செய்தி, கல்லறை விவரம்னு ஒண்ணு விடாம தோண்டி... யப்பா, எனக்கு படிக்கவே தலை சுத்திச்சு.

நீங்க வர்றதுக்கு முன்னாடி, 2017ல, இதே மாதிரி தேடிப் போய் ஆரிகன்ல முதியோர் இல்லத்துல இருந்த ஒரு பெரியவர்கிட்ட போலீஸ் டிஎன்ஏ சாம்பிள் வாங்கியிருக்காங்க, அவருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, பாவம். உங்க லிஸ்ட் விரல்விட்டு எண்ணுற அளவுக்கு சுருங்கினப்ப கொலைகாரனுக்கு நீலக் கண்ணுன்னு டிஎன்ஏ சொல்லிச்சே, அந்த இடத்துல நான் எழுந்து உக்காந்துட்டேன்.

அப்படி சிக்கின பேருதான் ஜோசப் டி ஆஞ்சலோ, 72 வயசு, சாக்ரமென்டோ பக்கம் சிட்ரஸ் ஹைட்ஸ்ல வீடு. கடைக்குப் போனப்ப கார் கதவு கைப்பிடியத் துடைச்சு ஒரு சாம்பிள், அப்புறம் குப்பைத்தொட்டில அவன் போட்ட டிஷ்யூ பேப்பர். ரெண்டும் பொருந்திச்சு, 2018 ஏப்ரல் 24 அரெஸ்ட். அவனே ஒரு காலத்துல போலீஸ்காரன், 1979ல கடைல சுத்தியல் திருடி மாட்டி வேலை போயிருக்கு. கதையில வெச்சா ஓவர்னு சொல்லுவோம்.

அரெஸ்டுக்கு அப்புறமும் ஆகஸ்ட் வரைக்கும் உங்க பேரு வெளிய வராம பாத்துக்கிட்டீங்க, உங்க பாதுகாப்பை நினைச்சு வந்த அந்த பயம் நியாயம்தான். ஒண்ணே ஒண்ணு கேக்கணும், ஆர்வத்துல டிஎன்ஏவை ஏத்தி வெச்ச அந்த சொந்தக்காரங்க யாராவது அப்புறம் உங்ககிட்ட பேசினாங்களா?

இப்படிக்கு,
தூக்கம் கெட்ட ஒரு ரசிகை