சாவி யாரிடம்?

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். இங்கே வந்து ஏழு மாதம் ஆகிவிட்டது. குளிர்காலம் என்பதால் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. முதலில் அந்த இருட்டைப் பார்த்தாலே அழுகை வரும். இப்போது பழகிவிட்டது.

தொண்டு நிறுவனத்தில் உனக்கு என்ன கணக்கு வேலை என்று போனில் கேட்டாயே. பல நாடுகளில் பெண்கள் சொந்தக் காலில் நிற்க எங்களைப் போன்ற அமைப்புகளும் கம்பெனிகளும் செலவு செய்கின்றன. அந்தப் பணம் கடைசியில் யார் கைக்குப் போகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை.

என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. மூன்று பூட்டு. கேர் என்ற அமைப்பு 1991-ல் நைஜர் நாட்டில் பெண்களுக்குச் சேமிப்புக் குழுக்கள் தொடங்கியது. அந்த முறை பல நாடுகளுக்குப் பரவியபோது இப்படி ஒரு பெட்டி அதன் அடையாளமாகிவிட்டது. மூன்று சாவியும் மூன்று பேரிடம், பெட்டி நாலாவது ஆள் வீட்டில். எல்லாரும் கூடினால்தான் திறக்க முடியும். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கும் கணக்குப் புரியவேண்டுமே, அதனால் பாஸ்புக்கில் அவள் போடும் ஒரு பங்குப் பணத்துக்கு ஒரு முத்திரை குத்துகிறார்கள். கடன் கொடுப்பதும் அந்தச் சேமிப்பிலிருந்தே. வட்டி அவர்களுக்கே திரும்புகிறது, வருடக் கடைசியில் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை அம்மா.

வங்கதேசத்தில் கிராமீன் வங்கி 1983-லிருந்து ஏழைப் பெண்களுக்கு ஈடு கேட்காமல் கடன் கொடுத்தது. 2006-ல் அதை நிறுவிய முகமது யூனுஸோடு அந்த வங்கிக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பெரிய காரியம்தான். ஆனால் கடன் அவள் பெயரில், பணம் கணவர் கையில், தவணை மட்டும் அவள் தலையில் என்று ஆன வீடுகளும் உண்டு.

கோல்ட்மேன் சாக்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி 2008-ல் பத்தாயிரம் பெண்களுக்குத் தொழில் பயிற்சி தரத் தொடங்கியது. 2014-ல் உலக வங்கிக் குழுமத்தோடு சேர்ந்து பெண்கள் தொழிலுக்குக் கடன் வசதியும் செய்தது. அதுதான் முறை. முதலுக்கு வழியில்லாமல் பயிற்சி மட்டும் என்ன செய்யும்? பெண்கள் முன்னேற்றத்துக்காகக் கம்பெனிகளுக்கு ஐ.நா. 2010-ல் வகுத்த ஏழு கொள்கைகளில், பெண்களின் தொழில்களை வளர்த்துக் கொள்முதலிலும் இடம் கொடுக்கச் சொல்வதும் ஒன்று. போன வாரம் ஒரு கம்பெனியின் அறிக்கை வந்தது. இத்தனை பேருக்குப் பயிற்சி என்று பக்கம் பக்கமாக. அவர்களிடம் என்ன வாங்கினார்கள் என்று ஒரு வரி இல்லை. கோபம் வந்துவிட்டது. கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வரும்வரை அந்தக் கோப்பை மூடமாட்டேன்.

அப்புறம் அம்மா, உன் பாஸ்புக் இன்னும் அண்ணனிடம்தானா? ஏடிஎம் ரகசிய எண் உனக்குத் தெரியுமா? இந்த மாதத்திலிருந்து பணத்தை உன் கணக்குக்கே அனுப்புகிறேன். கார்டை வாங்கி உன்னிடமே வைத்துக்கொள். அண்ணனிடம் நானும் பேசுகிறேன்.

உன் அன்பு மகள்