கையக் கட்டி நில்லுன்னு சொன்னது நான்தான்

பாப்பா,

நேத்து நீ போன்ல சொன்னதுதான் மனசுலயே ஓடுது. மீட்டிங்ல கையக் கட்டிட்டு நிக்கிற, யாரோடயும் ஒட்டாத மாதிரி தெரியுதுன்னு உன் மேனேஜர் சொன்னாங்கன்னியே, அது உன் தப்பு இல்லம்மா. பெரியவங்க முன்னாடி அப்படி நில்லுன்னு பழக்குனது நான்தானே. உங்க தாத்தா இங்க ஹார்பர்ல மூட்டை தூக்குன காலத்துல தொரை வந்தா தோள்ல கெடக்குற துண்டு தானா இடுப்புக்கு எறங்கிடுமாம், அவர் எனக்குச் சொல்லித்தந்தாரு, நான் உனக்கு. நமக்கு அது மரியாதை, மெல்பர்ன்ல அதையே வேற மாதிரி எடுத்துக்கறாங்க. என்கூட டியூட்டி பாக்குற மலாய்க்கார அண்ணன் வழி காட்டுனாக்கூட கட்டைவிரலாலதான் காட்டுவாரு, ஆள்காட்டி விரல நீட்டுனா அவங்களுக்கு மரியாதைக் குறைவு.

அதுக்காக நீ அனுப்புன வீடியோல மாதிரி இடுப்புல கைய வச்சு ரெண்டு நிமிஷம் நின்னா தைரியம் வந்துடும்னு நம்பிடாத லா. தேடிப் பாத்தேன். 2010ல அமெரிக்காவுல 42 பேர வச்சு செஞ்ச ஆராய்ச்சி அது, ஹார்மோனே மாறுதுன்னாங்க, அப்புறம் 2015ல வேற ஆளுங்க 200 பேர வச்சு செஞ்சா ஹார்மோன் அசையவே இல்லையாம், தெம்பா இருக்குற மாதிரி ஒரு நெனப்பு மட்டும் வந்துச்சாம். மொதல்ல எழுதுன மூணு பேர்ல ஒருத்தங்களே 2016ல எனக்கு இதுல நம்பிக்கை இல்லன்னு சொல்லிட்டாங்க.

நான் படிச்சதெல்லாம் செக்யூரிட்டியா நிக்கிற இந்த அடுக்குமாடி கொண்டோ கேட்டுலதான், 12 மணி நேர ஷிப்ட்ல. புதுசா வர்ற ஹவுசிங் ஏஜெண்ட் பசங்க நடந்துட்டே பேசுவாங்க, போனத் தூக்கிக் காட்டுவாங்க, காலரத் தொடுவாங்க, அவங்களத்தான் நான் நிறுத்தி அடையாள அட்டை கேப்பேன். வீடு கூட்ட வர்ற ஆன்ட்டி ஒருத்தங்க இருக்காங்க, மொத நாளே வந்து நின்னாங்க, பைய கீழ வச்சாங்க, நான் புக்லேருந்து தலையத் தூக்குற வரைக்கும் ஒரு வார்த்த பேசல, அப்புறம் பிளாக் நம்பர், யூனிட் நம்பர், யார் வீடுன்னு ஒரே மூச்சுல மெதுவா சொன்னாங்க. எனக்கு வேற எதுவும் கேக்கணும்னே தோணல. இத்தனைக்கும் ஆளு என் தோள் உயரம்கூட இல்ல.

நீயும் அப்படிச் செஞ்சு பாரேன், உள்ள போனதும் மொதல்ல பைய வை, அப்புறம் பேசு. கை நடுங்குனா டேபிள் மேலயே வச்சுக்க, ஒளிக்காத, ஒளிச்சா தோள் தானா குறுகிடும், எனக்கு அப்படித்தான் ஆவும்.

ஞாயித்துக்கிழமை வீடியோ கால் போடு. நான் பேசுனா நெத்தியும் சீலிங் ஃபேனும்தான் தெரியுதுன்னு அம்மா சிரிக்கிறா, இந்தத் தடவ போன நேரா வச்சுப் பேசுறேன்.

அப்பா