நூறு வருடம் கடந்த பதிவுக்கு இன்னும் ஏன் கட்டணம்?

ஸ்கொட்லாந்தின் பிறப்பு, இறப்பு, திருமண ஏடுகளைப் பொறுப்பில் வைத்திருப்பவர்களுக்கும், அவற்றைப் பார்ப்பதற்கான கட்டணத்தைத் தீர்மானிப்பவர்களுக்கும்,

வணக்கம். தன் தகப்பனின் பிறப்புப் பதிவைத் தேடுவதற்கான கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும்படி என் கணவரின் தாயார் எழுதிய கடிதத்துக்கு உங்கள் தரப்பிலிருந்து வந்த பதிலைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். ஆங்கிலத்திலும் அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம், எங்களைப் போன்ற கலப்புக் குடும்பங்கள் இப்போது கனடாவின் ஸ்காபரோவில் நிறைய உண்டு. என் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் யாழ்ப்பாணம், மறுபக்கம் ஸ்கொட்லாந்தின் லூயிஸ் தீவு. இரண்டு பக்கத்துக் கதையும் அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

பதில் மரியாதையாகத்தான் இருந்தது. கட்டணம் விதிப்படி வைக்கப்பட்டது, தனி ஆளுக்காக அதைத் தள்ளுபடி செய்ய முடியாது, நிறையப் பக்கங்கள் பார்க்க வேண்டுமென்றால் எடின்பரோவுக்கு வந்து ஒரு நாள் கட்டணம் கட்டி வாசிப்பறையில் இருந்து பார்க்கலாம் என்று எழுதியிருந்தார்கள். மாமிக்கு வயது 87. வீட்டுக்குள்ளேயே வோக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். வயதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே சொல்லியிருந்தார்.

அவருடைய தகப்பனார் லூயிஸ் தீவில் பிறந்தவர். 1923 ஏப்ரலில் ஸ்டோர்னோவேயிலிருந்து மெட்டகாமா கப்பலில் கனடாவுக்குப் புறப்பட்ட ஏறத்தாழ 300 பேரில் ஒருவர். முதலாம் உலகப் போருக்குப் பிறகு தீவில் நிலமும் இல்லை, மீன் வியாபாரமும் படுத்துவிட்டது. வந்த மனிதர் ஊரைப் பற்றி வாயே திறக்கவில்லை. மாமியிடம் மிஞ்சியிருப்பது தகப்பனின் பெயர், அவர் பிறந்த நாளும் மாதமும், அவருடைய தாயின் முதற்பெயர், அவ்வளவுதான். வருடம்கூட நிச்சயமில்லை, ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு வயது கொடுத்திருக்கிறார். 1931 கனடியக் குடிசன மதிப்பீட்டில் அவரைக் கண்டுபிடித்தோம். கனடா அந்தத் தாள்களை இலவசமாகவே திறந்து வைத்திருக்கிறது. ஆனால் அதில் பிறந்த இடம் ஸ்கொட்லாந்து என்று மட்டும்தான் இருக்கிறது.

அவருடைய பிறப்புப் பதிவு ஒன்று கையில் கிடைத்தால் போதும். அதில் பெற்றோர் இருவரின் பெயரும், அவர்கள் கலியாணம் செய்த திகதியும் இடமும் இருக்கும். அந்தத் திருமணப் பதிவைத் திறந்தால் அதற்கும் முந்திய தலைமுறை வந்துவிடும். இதெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்புறம் என்ன கஷ்டம் என்று கேட்டால், லூயிஸ் தீவின் பெயர்களை ஒருமுறை பாருங்கள். டொனால்ட், ஜோன், மர்டோ, அங்கஸ். மக்லியோட், மொரிசன், மக்டொனால்ட், மக்கைவர். மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயர், அடுத்தவனுக்குத் தாயின் தகப்பன் பெயர் என்று வைப்பது அங்கே வழக்கம். அதனால் ஒரே ஊரில் ஒன்றுவிட்ட சகோதரர்கள் நாலைந்து பேர் ஒரே பெயரோடு வளர்ந்தார்கள். ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் ஒரே பெயரில் இருந்ததும் உண்டு. ஊருக்குள் பட்டப்பெயர் சொல்லிப் பிரித்தறிந்தார்கள். பட்டப்பெயர் பதிவேட்டில் ஏறாது. நாங்கள் தேடியபோது உங்கள் இணையத்தளப் பட்டியல் காட்டியது பெயர், வருடம், பதிவு வட்டாரம் மட்டும்தான். பிறந்த திகதி இல்லை, தாயின் பெயர் இல்லை. மாமிக்குத் தெரிந்த இரண்டு அடையாளங்களும் காசு கட்டித் திறக்கும் ஏட்டுப் பக்கத்தின் படத்துக்குள்தான் இருக்கின்றன. ஒரு படத்துக்கு அப்போது ஒன்றரைப் பவுண்ஸ், எங்கள் கணக்கில் இரண்டரை டொலருக்கு மேல். எங்கள் ஆள் இல்லையென்றால் மூடிவிட்டு அடுத்ததற்குக் கட்ட வேண்டும்.

ஒரு படம் திறக்கும்போது என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஒரு பக்கத்தில் மூன்று பிள்ளைகள். பிள்ளை பிறந்த மணியும் நிமிடமும்கூட எழுதியிருக்கும். எங்கள் ஊரில் சாதகக் குறிப்பில்தான் அதைப் பார்க்கலாம், இங்கே அரசாங்க ஏட்டிலேயே இருக்கிறது. தகப்பன் மீனவர் என்றோ சிறு குத்தகைக் காணிக்காரர் என்றோ ஒரு வரி. பிறப்பை அறிவித்தவருக்குக் கையெழுத்துத் தெரியாவிட்டால் ஒரு புள்ளடி, பக்கத்தில் சாட்சி. மாமி பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு நேரே தாயின் பெயர் இருக்கும் கட்டத்துக்குப் போவார். இல்லை. சரி, அடுத்தது. அதுவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இவனும் ஆரோ ஒரு தாயின் பிள்ளைதானே" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தை முழுவதும் வாசிப்பார். பிறகு, இந்த மாதத்துக்குப் போதும், பென்சன் காசு வரட்டும் என்பார்.

பென்சன் காசுக்காகக் காத்திருக்கும் வயது அல்ல அது. ஆகவே கேட்கிறேன். 100 வருடம் கடந்த பிறப்புப் பதிவுகளின் படங்களை இலவசமாகத் திறந்துவிடுங்கள். அதற்கு நாளாகும் என்றால், தேடல் பட்டியலில் தாயின் பெயரையும் பிறந்த திகதியையுமாவது முதலில் சேர்த்துவிடுங்கள்.

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. பக்கத்து நாடான அயர்லாந்து இதைச் செய்துவிட்டது. அங்கே 100 வருடம் கடந்த பிறப்புப் பதிவுகள், 75 வருடம் கடந்த திருமணப் பதிவுகள், 50 வருடம் கடந்த இறப்புப் பதிவுகள் எல்லாவற்றின் படங்களையும் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். உங்கள் எல்லைகளும் அதே 100, 75, 50 தான். இங்கிலாந்தில் பிறப்புப் பட்டியலில் 1837 வரை தாயின் குடும்பப் பெயரைச் சேர்த்து, தேடுவதற்குக் காசு கேட்காமல் வைத்திருக்கிறார்கள்.

உங்கள் ஏடுகளில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 1855 ஜனவரியில் பதிவு தொடங்கியபோது ஸ்கொட்லாந்து கேட்ட கேள்விகளை அந்தக் காலத்தில் அதிகம் பேர் கேட்கவில்லை. இறந்துபோன கிழவியின் தாயும் எந்தக் குடும்பத்தில் பிறந்தவள் என்று இறப்புப் பதிவில் எழுதி வைத்திருக்கிறீர்கள். அதற்கு முந்திய கிறிஸ்தவக் கோயில் ஏடுகள் 1553 வரை போகின்றன. அந்தக் கோயில் ஏடுகளின் கதையிலேயே உங்களுக்கு ஒரு பாடமும் இருக்கிறது. 1783இல் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி போட்டார்கள். பலர் பிள்ளையின் பெயரைப் பதிவதையே விட்டுவிட்டார்கள். 1794இல் வரி போனது, ஆனால் அந்த வருடங்களில் விழுந்த ஓட்டை இன்றைக்கும் அடைபடவில்லை. சிறிய தொகைதானே என்று அன்றைக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள்.

நான் இதை இவ்வளவு அழுத்திக் கேட்பதற்கு என் பக்கத்துக் காரணமும் ஒன்று உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஓலைச்சுவடிகளும் அதோடு போயின. பிறகு வந்த போரில் எத்தனையோ குடும்பங்களின் காணி உறுதிகளும் பிறப்புப் பத்திரங்களும் போயின. என் அப்பப்பாவின் தகப்பன் எந்த வருடம் பிறந்தார் என்று எனக்கு இனித் தெரிய வழியில்லை, அதைச் சொல்லக்கூடிய கடதாசி உலகத்தில் எங்கேயும் இல்லை. அழிந்துபோனதற்காக யாரிடமும் போய்க் கேட்க முடியாது. ஆனால் உங்களிடம் இருப்பது அழியவில்லை. ஒரு தீப்பொறி படாமல் பாதுகாத்து, ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்தும் வைத்திருக்கிறீர்கள். அதைப் பார்க்க அந்தப் பிள்ளையின் மகளையே ஒவ்வொரு பக்கத்துக்கும் காசு கட்டச் சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அதுவும் இந்த மக்கள் எப்படி வெளியேறினார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அபின் வியாபாரத்தில் சம்பாதித்த காசில் 1844இல் லூயிஸ் தீவையே வாங்கினார் ஜேம்ஸ் மத்தேசன். 1850களின் முதற்பாதியில் அந்தத் தீவிலிருந்து இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கனடாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். வாடகை பாக்கி வைத்தவர்கள், வேண்டாதவர்கள் என்று பெயர் குறித்து அனுப்பினார்கள். பிறகு 1923. பிறகு 2009இல் ஊர் திரும்புங்கள் என்று ஒரு வருடம் முழுவதும் உலகத்துக்கே அழைப்பு விடுத்தீர்கள். அந்த அழைப்பு எங்கள் வீட்டுக்கும் வந்தது, மாமிக்குச் சந்தோஷம். போனவர்களின் பிள்ளைகள் வந்து ஹோட்டலில் தங்கிக் கம்பளித் துணி வாங்க வேண்டும் என்று விரும்புகிற நாடு, அவர்கள் எந்த ஊர் என்று கேட்டால் மட்டும் கட்டணத்தை நீட்டுகிறது. இது நியாயமில்லை.

செலவு உண்டு என்பது எனக்கு விளங்குகிறது. பழைய ஏட்டைப் பராமரிக்க ஆட்கள் வேண்டும், இணையத்தளத்தை நடத்தக் காசு வேண்டும். முத்திரை குத்திய அத்தாட்சிப் பிரதி கேட்பவரிடம் வாங்குங்கள், தருகிறோம். இந்தப் பதிவுகளை வைத்து வியாபாரம் செய்ய விரும்பும் நிறுவனங்களிடம் வாங்குங்கள். தன் தகப்பனைத் தேடும் ஒருவரிடம், அவர் அல்லாத ஒவ்வொரு ஆளின் பக்கத்துக்கும் வாங்க வேண்டாம்.

கோபத்தில் வார்த்தை கொஞ்சம் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பதில் எழுதியவர் தன் கடமையைச் செய்தார், அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. விதியை மாற்றக்கூடியவர்களிடம்தான் கேட்கிறேன். 100 வருடம் கடந்த பிறப்புப் பதிவுகளை இலவசமாகத் திறந்துவிடுங்கள். அடுத்த முறை கட்டண விதிகளை எடுத்துப் பார்க்கும்போது இதையும் மேசையில் வையுங்கள் என்று தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் முடிவு எதுவானாலும் மாமியின் பெயருக்கே எழுதுங்கள், விலாசம் அவருடைய கடிதத்தில் இருக்கிறது. கொஞ்சம் பெரிய எழுத்தில் அச்சடித்து அனுப்பினால் அவரே வாசித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
லூயிஸ் தீவுக் குடும்பம் ஒன்றின் மருமகள்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ