ஆண்டறிக்கை 2024–25: தொலைவழிக் கைப்பயிற்சியும் பிற பணிகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், தேனி, திண்டுக்கல், விருதுநகர் மாவட்டங்களிலிருந்து காலையிலேயே பஸ் ஏறி மதுரை வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், அவர்கள் குடும்பத்தினருக்கும், வர இயலாமல் வீட்டிலிருந்தே கைப்பேசியில் இணைந்திருப்பவர்களுக்கும் என் பணிவான வணக்கம்.

தோல் இறுக்க நோய் உள்ளவர்களுக்கான நம் சங்கம் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை செய்த பணிகளைப் பற்றிய அறிக்கை இது. தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டு சங்கத்தின் நேரமும் நிதியும் பெரும்பாலும் ஒரே வேலைக்குச் சென்றன. வீடியோ அழைப்பில் விரல்களுக்கும் மணிக்கட்டுக்கும் கற்றுத்தரும் தொலைவழிக் கைப்பயிற்சிதான் அது. ஆகவே அறிக்கையின் பெரும்பகுதியும் அதைப் பற்றியே இருக்கும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்க்லிரோடெர்மா என்னும் தோல் இறுக்க நோய் நுரையீரல், உணவுக்குழாய், சிறுநீரகம் என்று உள்ளுறுப்புகளையும் தாக்கக்கூடியது. அவற்றுக்கு மருந்து தருகிறார்கள், ஸ்கேன் எடுக்கிறார்கள், தவணை தவறாமல் வரச் சொல்கிறார்கள். கைக்கு அந்தக் கவனிப்பு கிடைப்பதில்லை. முதலில் விரல்கள் வீங்கும், மோதிரம் கழலாது. பிறகு தோல் தடித்து இறுகும். விரலடி மூட்டுகள் மடங்க மறுக்கும். நடு மூட்டுகள் நிமிர மறுக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உள்ள விரிவு குறுகிக்கொண்டே வரும். மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகிவிட்டால், பயிற்சியால் மீட்கக்கூடியது கொஞ்சம்தான். இருக்கும் அசைவைக் காப்பாற்றுவதே பயிற்சியின் முதல் நோக்கம். அதனால்தான் நோய் தெரிந்தவுடனேயே தொடங்கிவிட வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லி வருகிறோம். நம் உறுப்பினர்களில் பலர், விரல்கள் மடங்கிப்போன பிறகுதான் இப்படி ஒரு பயிற்சி இருப்பதையே கேள்விப்பட்டார்கள் என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

இதற்குப் பெரிய காரணம் தூரம். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலையில் இருக்கும் நம் சகோதரி, ஒரு முறை மதுரைக்கு வந்து திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடுகிறது. 2023 ஜூனில் போடி வரை ரயில் வந்த பிறகு பயணம் சற்று எளிதாகியிருக்கிறது. ஆனாலும் வாரந்தோறும் அவரால் எப்படி வர முடியும்? கொடைக்கானலிலிருந்து வருபவர்களின் நிலை இன்னும் மோசம். மார்கழி விடியலில் பஸ் ஜன்னலின் குளிர்காற்று பட்டாலே விரல்கள் வெளுத்து, நீலம் பாரித்து, குளிரில் விரல்களின் ரத்த நாளங்கள் சுருங்குவதால் வரும் ரேனாட் வலி தொடங்கிவிடுகிறது. சிகிச்சைக்குப் புறப்படுவதே கைக்குக் கேடாக முடிகிறது. மருந்துக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்தால் போதும். பயிற்சி அப்படியல்ல, அது நாள்தோறும் செய்ய வேண்டியது, அடிக்கடி ஒருவர் பார்த்துத் திருத்த வேண்டியது.

ஆகவே அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டும் ஓர் இயன்முறை மருத்துவரும் முன்வந்து உதவ, வாரத்தில் இரண்டு மாலைகள் வீடியோ அழைப்பில் குழுவாகப் பயிற்சி நடத்தினோம். குழுவுக்கு ஐந்தாறு பேருக்கு மேல் சேர்க்கவில்லை. அதற்கு மேல் போனால் ஒவ்வொருவர் கையையும் திரையில் பார்க்க முடியாது. பதிவு செய்த வீடியோவை அனுப்பிவிட்டால் போதாதா, செலவு மிச்சமாகுமே என்று செயற்குழுவில் சில உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வீடியோ நம் கையைப் பார்ப்பதில்லை. விரலடி மூட்டை மடக்கச் சொன்னால், அது மடங்காததால் மணிக்கட்டை வளைத்துக்கொண்டு, மடக்கிவிட்டதாகவே நினைத்துக்கொள்கிறோம். எதிரில் ஒருவர் இருந்தால், "மணிக்கட்டை மேசையில் வையுங்கள் அம்மா, விரலை மட்டும் மடக்குங்கள்" என்று அந்த நொடியிலேயே சொல்லிவிடுவார். இந்த ஓராண்டில் நான் கண்டவரை, தொலைவழிப் பயிற்சியின் பலன் முழுக்க அந்தத் திருத்தத்தில்தான் இருக்கிறது. செயற்குழுவும் நேரலைப் பயிற்சியையே தொடர முடிவு செய்தது.

ஆனால் முதல் சந்திப்பு மட்டும் நேரில்தான் என்பதில் உறுதியாக இருந்தோம். ஒரு விரல் மடங்காததற்குத் தோலின் இறுக்கம் காரணமா, மூட்டோ தசைநாணோ காரணமா, தோலுக்கடியில் சுண்ணாம்புக் கட்டி இருக்கிறதா என்பதெல்லாம் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். இந்த நோய்க்குச் சிகிச்சை தரும் ருமட்டாலஜி (மூட்டு, இணைப்புத் திசு நோய்) மருத்துவரின் கடிதமும் வேண்டும் என்றோம். 2020 மார்ச் 25 அன்று வெளிவந்த மத்திய அரசின் தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் பதிவு பெற்ற மருத்துவர்களுக்காக எழுதப்பட்டவை. ஆகவே நம் பயிற்சியாளர்கள் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. மருந்து குறித்த கேள்விகளை மருத்துவரிடமே அனுப்பிவிடுகிறார்கள்.

பயிற்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஜப்பானில் 45 நோயாளிகள் தங்கள் விரல்களைத் தாங்களே நீட்டிப் பழகியதைப் பற்றிய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. ஒவ்வொரு விரலையும் மறு கையால் மெதுவாக நீட்டி, 10 விநாடி அப்படியே வைத்திருக்க வேண்டும். ஒரு மாதத்திலேயே விரல் மூட்டுகளின் அசைவு கூடியதாக அந்த ஆய்வு சொல்கிறது. கருவி இல்லை, செலவு இல்லை. நம் பயிற்சிக்கும் அதுவே அடிப்படை. கனடாவை மையமாகக் கொண்ட ஸ்பின் என்னும் பன்னாட்டு ஆய்வுக் குழு, வீட்டிலிருந்தே செய்வதற்காக இணையவழிக் கைப்பயிற்சி ஒன்றை நோயாளிகளோடு சேர்ந்து உருவாக்கியிருக்கிறது. கட்டைவிரல், விரல் மடக்குதல், விரல் நீட்டுதல், மணிக்கட்டு என்று அதில் நான்கு பகுதிகள். நம் பயிற்சியாளர்களும் இந்த நான்கையும் விடாமல் எடுத்துக்கொள்கிறார்கள். நமக்குத் தேவை என்பதால் வாயை அகலத் திறக்கும் பயிற்சியையும் இறுதியில் சேர்த்தோம். உதடு இறுகி, கவளத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போகும் உறுப்பினர்கள் நம்மிடையே உண்டு.

பயிற்சிக்கு முன் கை சூடாக வேண்டும். ஸ்வீடனில் 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 17 பேர் ஒரு மாத காலம் இரு கைகளுக்கும் பயிற்சி செய்தார்கள். ஒரு கையை மட்டும் பயிற்சிக்கு முன் உருக்கிய பாரஃபின் மெழுகில் முக்கினார்கள். மெழுகில் முக்கிய கையில் முன்னேற்றம் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி இல்லாமல் வீட்டு அடுப்பில் மெழுகை உருக்கிக் கையை விடுவதைச் சங்கம் முற்றிலும் தடுக்கிறது. உணர்வு குறைந்த விரல் சூட்டை உணரும் முன்பே வெந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். அதையும் வீட்டில் வேறொருவர் முழங்கையால் தொட்டுப் பார்த்துச் சொன்ன பிறகே கையை விட வேண்டும். விரல் நுனியிலோ கணுவிலோ புண் இருந்தால் அந்த விரலுக்கு நீரும் வேண்டாம், நீட்டலும் வேண்டாம்; மற்ற விரல்களுக்குப் பயிற்சி தொடரட்டும். நுனி கறுத்தாலோ, சீழ் வைத்தாலோ, ஒரு விரல் மட்டும் வெளுத்து வலி விடாமல் இருந்தாலோ, அடுத்த வகுப்புக்காகக் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். புகைப்படத்தைக் குழுவில் போட்டுவிட்டுப் பதிலுக்காக உட்கார்ந்திருப்பது ஆபத்து என்பதை இங்கேயும் அழுத்திச் சொல்கிறேன்.

இரவில் விரல்களை மட்டையில் வைத்து இறுகக் கட்டிக்கொண்டு தூங்கும் வழக்கம் சிலரிடம் இருந்தது. அதனால் கணுக்களில் தோல் கிழிந்து புண்ணானது. பயிற்சியாளர்கள் பொறுமையாகப் பேசி அதை நிறுத்த வைத்தார்கள். சுருள்கம்பி வைத்த விலையுயர்ந்த விரல் கருவி ஒன்றை வாங்கிவிட்டு வந்தவர்களும் உண்டு. பயிற்சியாளரைக் கேட்காமல் எந்தக் கருவியையும் வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேமராவை எங்கே வைப்பது என்பதில்தான் தொடக்கத்தில் அதிக நேரம் போனது. அரிசி நிரப்பிய டம்ளரில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, மேசையில் கறுப்புத் துணி விரித்து, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி உட்கார்ந்தால் மூட்டுகளின் மடிப்பு தெளிவாகத் தெரிகிறது. காய்ந்து தடித்த விரல் நுனிக்குத் தொடுதிரை கேட்பதில்லை என்பதால், அழைப்பை ஏற்கவே பலருக்கு வீட்டில் ஒருவர் துணை வேண்டியிருந்தது. பேரப் பிள்ளைகள் அந்த வேலையை மகிழ்ச்சியாக ஏற்றுக்கொண்டார்கள். எதிர்பாராத நன்மை ஒன்றும் கிடைத்தது. கேமரா கையை மட்டுமே காட்டினால் போதும், முகம் தெரிய வேண்டாம் என்று அறிவித்த பிறகு, அதுவரை எந்தக் கூட்டத்துக்கும் வராத பெண்கள் வகுப்பில் சேர்ந்தார்கள். நோய் முகத்தையும் மாற்றிவிடுகிறது. நாலு பேர் முன்னால் வரக் கூசியே அவர்கள் ஒதுங்கியிருந்திருக்கிறார்கள். அவர்கள் கைகளின் புகைப்படங்கள் பயிற்சியாளரைத் தவிர யாரிடமும் போகாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

முன்னேற்றத்தை அளக்க, ஒவ்வொருவருக்கும் ஓர் அடிக்கோல் அனுப்பினோம். விரலை மடக்கும்போது நடுவிரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் இருக்கிறது, விரித்தால் கட்டைவிரல் ஆள்காட்டி விரலிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று மாதம் ஒரு முறை அளந்து எழுதுகிறார்கள். கும்பிடு போடும்போது இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே தெரியும் இடைவெளியையும் படம் எடுத்து வைக்கிறோம். கையின் செயல்பாட்டை அளக்கப் பிரான்ஸில் உருவான கோஷன் அளவுகோலில் 18 கேள்விகள் உண்டு; அவற்றில் முள்கரண்டியால் குத்தி எடுக்க முடிகிறதா என்பதும் ஒன்று. நமக்கு அது எதற்கு? நம் பயிற்சியாளர்கள் உறுப்பினர்களையே கேட்டு வேறு பட்டியல் தயாரித்தார்கள். சோற்றைப் பிசைந்து உருட்ட முடிகிறதா, சேலைக் கொசுவம் மடிக்க முடிகிறதா, ஊக்கு குத்த முடிகிறதா, துணி பிழிய, பூக் கட்ட, மாத்திரை அட்டையைப் பிரிக்க முடிகிறதா என்று போகிறது அது. இது ஆய்வில் சோதிக்கப்பட்ட அளவுகோல் அல்ல. ஒருவருடைய இந்த மாதத்தை அவருடைய சென்ற மாதத்தோடு ஒப்பிட மட்டுமே பயன்படுத்துகிறோம். ஒரு கவளத்தைத் தானே உருட்டி வாயில் வைக்க முடிந்ததாக ஓர் அம்மா வகுப்பில் சொன்னபோது, இணைப்பில் இருந்த எல்லோரும் அவருக்காகக் கைகளை உயர்த்தினார்கள்.

வகுப்பு இல்லாத நாட்களில் பயிற்சி நின்றுபோவதுதான் இந்த ஆண்டின் பெரிய சிக்கல். வலி, சோர்வு, வீட்டு வேலை, மூன்றும் சேர்ந்துகொள்கின்றன. எனவே உறுப்பினர்களை இருவர் இருவராக இணைத்தோம். மேலூர்ப் பக்கம் பல ஆண்டுகள் கிரானைட் உடைத்துவிட்டு இந்த நோயோடு ஓய்வு பெற்றிருக்கும் அண்ணன் ஒருவர், தன் இணையான ராஜபாளையத்துத் தம்பியைத் தினமும் மாலையில் அழைக்கிறார். இருவரும் பேசிக்கொண்டே பயிற்சியை முடிக்கிறார்கள். அவர்கள் இருவரும் ஒரு நாளும் விட்டதில்லை என்று பயிற்சியாளர் சொல்கிறார். கல்தூசியில் உள்ள சிலிகாவுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட செய்தி. குவாரித் தொழிலாளர்களிடம் விரல் வெளுப்பதைப் பற்றிக் கேட்டறிய வேண்டும் என்று அந்த அண்ணன் எழுப்பிய கோரிக்கையை அடுத்த ஆண்டுத் திட்டத்தில் சேர்த்திருக்கிறோம்.

பிற பணிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜூன் 29, உலக ஸ்க்லிரோடெர்மா தினத்தில், இதே நோயோடு இறுதிவரை ஓவியம் தீட்டிய பால் கிளீ 1940-இல் மறைந்த நாள் அது என்பதை நினைவுகூர்ந்து, உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓவியப் பயிற்சி நடத்தினோம். விரல் தோல் இறுகி ரேகை பதியாததால் ரேஷன் கடையில் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்காகக் கருவிழிப் பதிவு கேட்டு மனு எழுதிக் கொடுத்தோம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் நம் நோயின் பெயர் இல்லை. கை முடக்கத்தைக் காட்டி, உடல் இயக்கக் குறைபாடு என்ற பிரிவில்தான் சான்றிதழ் கேட்க முடிகிறது. 40 சதவீதத்தை எட்டினால்தான் பெரும்பாலான சலுகைகள். விண்ணப்பிக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் இணைச்செயலாளரைப் பார்க்கவும்.

இன்று பொதுக்குழுவின் முன் இரண்டு தீர்மானங்களை வைக்கிறேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீடு தேடி வருகிறது. அந்தப் பணியாளர்களுக்கு நம் கைப்பயிற்சியைக் கற்றுத்தர நாங்கள் தயார், அனுமதி தாருங்கள் என்று மாவட்ட நிர்வாகத்தைக் கேட்பது முதலாவது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பணியிடம் வேண்டும் என்று சுகாதாரத் துறைக்கு மனு அளிப்பது இரண்டாவது. தன்னார்வத்தில் வரும் இருவரை நம்பியே எவ்வளவு காலம் ஓட்டுவது? அவர்களுக்கும் குடும்பம் உண்டு, ஓய்வு வேண்டும்.

அந்த இருவருக்கும், கடிதம் தந்து உதவிய மருத்துவர்களுக்கும், பழைய கைப்பேசிகளைப் பழுதுபார்த்து இலவசமாகத் தந்த உறுப்பினரின் மகனுக்கும், ஒவ்வொரு வகுப்பிலும் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வீட்டாருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. அறிக்கையைப் பொதுக்குழு ஏற்று, தீர்மானங்களை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்