மொச்சைக்கும் சிம்பாவுக்கும் என்ன போடலாம்னு கேட்டியே

பாப்பா,

நேத்து ராத்திரி போன்ல புது நாய்க்குட்டிக்கும் உன் பூனை சிம்பாவுக்கும் என்ன போடலாம்னு நீ கேட்டதுக்கெல்லாம் பட்டும் படாம பதில் சொல்லிட்டு வெச்சுட்டேன், அம்மா பக்கத்துலயே உக்காந்திருந்தா, அதான். இப்ப அவ கோயிலுக்கு போயிருக்கா, நான் ஒத்த வெரல்ல தட்டிக்கிட்டு இருக்கேன், எழுத்து முன்னப்பின்ன இருந்தா கண்டுக்காத.

குட்டிக்கு மோச்சான்னு பேர் வெச்சிருக்க, எனக்கென்னமோ மொச்சைன்னுதான் வாய்ல வருது, அப்படியே கூப்டுக்குறேன்.

மொச்சைக்கு சோறு போடலாமான்னு கேட்ட. தாராளமா போடு, நம்மூர் நாய்ங்க சோறு தின்னு வளர்ந்ததுதான. ஆனா வெறும் சோறா கொட்டாத, வளர்ற குட்டி, உப்பு காரம் போடாம அவிச்ச கோழி இல்லன்னா முட்டை கூட வெச்சு பெசஞ்சு போடு, டாக்டர் சொன்னா குட்டிங்களுக்குன்னு விக்கிற பெடிக்ரீ மாதிரி ஏதாச்சும் கொஞ்சம் சேத்துக்கோ. நாம தின்ன மிச்சம் மட்டும் வேணவே வேணாம். சாம்பார், ரசம், கறிக்குழம்புன்னு நம்ம வீட்ல வெங்காயம் பூண்டு இல்லாம எது இருக்கு சொல்லு, அது ரெண்டும் நாய் பூனை ரத்தத்துல இருக்குற சிவப்பணுவ ஒடைச்சிடும், வேகவெச்சாலும் அந்த வெஷம் போகாது, அதுவும் தின்ன அன்னிக்கு ஒண்ணும் தெரியாது, ரெண்டு மூணு நாள் கழிச்சுதான் சோந்து படுக்கும். அவிச்ச கோழி எலும்பும் வேணாம், சிம்பு சிம்பா ஒடைஞ்சு கொடல குத்திடும். சாக்லேட்டு தெரியும் உனக்கு. பாயாசத்துல போடுற திராட்சை தெரியுமா, அது கிட்னிய கெடுத்துடும். நீ மெல்லுவியே சுகர்ஃப்ரீ பபிள்கம், அதுவும் நாய்க்கு வெஷம், அத ஹேண்ட்பேக்குல வெச்சு கட்டில் மேல வீசாத.

தடுப்பூசி விஷயத்துல சோம்பல் படாத. குட்டிக்கு ஆறு எட்டு வாரத்துல ஆரம்பிச்சு மூணு நாலு வாரத்துக்கு ஒருதரம், நாலு மாசம் ஆகுற வரைக்கும் போடணும். பார்வோன்னு ஒரு வைரஸ் நோய், அது வந்தா ரத்தமா பேதி போயி ரெண்டு மூணு நாள்ல குட்டி போயிடும். மூணு மாசத்துல ரேபிஸ் ஊசி, அப்புறம் வருஷா வருஷம். மொச்சை வெளையாட்டா உன் மேல பல்லு பதிச்சாலும் சோப்பு போட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்கு போ, சின்ன கீறல்தானேன்னு விட்டுடாத.

இப்ப உண்ணிக்கு வரேன், ஏன்னா நம்ம நாய் மணிய நான் கிட்டத்தட்ட விட்டுட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கும், பாதி சிப்பிப்பாறை, ஒல்லியா ஒசரமா, கோழி எலும்பு கண்டா கேட்டையே தாண்டுவான். நீ காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தப்ப ஒரு நாள் சோத்த மோந்து பாத்துட்டு போயிட்டான். வெயிலுக்குதான் இப்படின்னு நெனச்சேன். மூணாம் நாள் எந்திரிக்கல. கால்நடை டாக்டர்கிட்ட தூக்கிட்டு போனா அவர் ஸ்டெதாஸ்கோப்பகூட எடுக்கல, மேல் ஒதட்ட தூக்கி காட்டினாரு, ஈறு சுண்ணாம்படிச்ச செவுரு மாதிரி இருந்துச்சு பாப்பா. கட்டை வெரலால அமுக்கி விட்டாரு, நல்லா இருக்குற நாய்க்கு ரெண்டு செகண்டுக்குள்ள திரும்ப செவக்கணுமாம், இவனுக்கு எது வெளுப்பு எது ஈறுன்னே தெரியல. உண்ணிக்காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாளு, வெறும் வயித்துல குடுத்தா வாந்தி எடுக்குறான்னு இட்லிக்குள்ள வெச்சு அம்மாதான் ஊட்டுனா. பொழச்சுட்டான், ஆனா அப்பறமும் ஒரு மாசம் கேட்டுகிட்ட போகவே மாட்டான்.

அதுனால டெய்லி காது உள்பக்கம், காலு வெரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடில தடவிப்பாரு. ரத்தம் குடிச்ச உண்ணி கொட்டமுத்து மாதிரியே இருக்கும். கையால நசுக்காத, இடுக்கில புடிச்சு தோலோட ஒட்டி நேரா இழு, மண்ணெண்ணெய் ஊத்துற வேலையெல்லாம் வேணாம். நாய் மேல இருக்குறது கொஞ்சந்தான், மிச்சம் செவுத்து வெடிப்புலயும் கதவு நெலை சந்துலயும் இருக்கும், ஒவ்வொண்ணும் ஆயிரக்கணக்குல முட்டை போடும். டாக்டர்ட்ட கேட்டு கழுத்துல விடுற சொட்டு மருந்து வாங்கு, ஆனா நாய்க்கு வாங்கினத சிம்பா மேல ஒரு சொட்டு கூட விடாத, பெர்மெத்ரின்னு ஒண்ணு இருக்கு அதுல சிலதுல, நாய்க்கு ஒண்ணும் செய்யாது, பூனைக்கு வலிப்பு வந்துடும்.

சிம்பாவுக்கு நாய் தீனியே போட்டா பத்தாதான்னு கேட்ட. பத்தாது. பூனை முழு கறிதிண்ணி, அதுக்கு டாரின்னு ஒரு சத்து சாப்பாட்டுலயே வேணும், அதால ஒடம்புலயே போதுமான அளவு செஞ்சுக்க முடியாது, கொறஞ்சா கண்ணும் போகும் இதயமும் போகும். பால் ஊத்தாத, பெரும்பாலும் வயித்தால போகும். அதுக்கு தண்ணி குடிக்கிற பழக்கம் கம்மி, காஞ்ச தீனியே போட்டுக்கிட்டு இருந்தா மூத்திரக் கோளாறு வரலாம், அதனால ஈரத்தீனி, அவிச்ச மீனு மாறிமாறி குடு. சிம்பா கடுவன், இத நல்லா மனசுல வெச்சுக்கோ, மண்ணு தட்டுல போயி போயி குந்துறான் முக்குறான் ஒண்ணும் வரலன்னா மலச்சிக்கல்னு நெனச்சு விளக்கெண்ணெய் குடுக்காத, மூத்திரம் அடைச்சிருக்கும், அன்னிக்கே ஆட்டோ புடி. ஒரு நாள் தள்ளினாலும் உயிருக்கு ஆபத்து. வேப்பேரில 1903லேர்ந்து கால்நடை காலேஜ் இருக்கு, கவர்மெண்ட் ஆஸ்பத்திரி, கூட்டத்துல காத்திருக்கணும், போ. பூனை ரெண்டு நாள் சாப்புடாம கெடந்தாலும் வேடிக்கை பாக்காத, ஈரல்ல கொழுப்பு ஏறிடும்.

அப்புறம், அம்மா இருக்கப்ப சொல்ல முடியாதது. நேத்து நீ சிம்பாவுக்கு ஒடம்பு சுடுது, கால் டோலோ குடுக்கவான்னு கேட்டப்ப நான் கத்துனேன்ல. நீ ஆறாப்பு படிக்கையில நம்ம பூனை வெள்ளச்சி செத்துச்சே, பக்கத்து வீட்டு அத்தை எலி மருந்து வெச்சுட்டாங்கன்னு சொன்னேன்ல. அத்தை ஒண்ணும் வெக்கல. வெள்ளச்சிக்கு காய்ச்சல்னு நான்தான் டோலோல இருக்குற அதே பாராசிட்டமால், 500 மாத்திரைல பாதிய ஒடைச்சு மத்தி மீனுக்குள்ள வெச்சு குடுத்தேன். நமக்கு குடுக்குறதுதானன்னு. பூனை ஈரலுக்கு அத கழிச்சு விடுற சக்தி கெடையாதாம், பத்து வருஷம் கழிச்சு மணிய பாத்த அந்த டாக்டர் சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது. காலைல மூஞ்சி பலூன் மாதிரி வீங்கி, பாதம் வீங்கி, வாய தொறந்து பாத்தா ஈறு சேத்துக் கலர்ல இருந்துச்சு. நீ எந்திரிக்கிறதுக்குள்ள முருங்கைமரத்துக்கு அடில பொதச்சுட்டேன்.

நீ அந்த அத்தைகூட ஒரு வருஷம் பேசல. அவங்க குடுத்த அதிரசத்த திருப்பி குடுத்துட்டு வந்த. நான் பாத்துக்கிட்டு சும்மாதான் நின்னேன்.

போன வாரங்கூட கேட்டாங்க, பாப்பா எப்ப வரும்னு. தீவாளிக்கு வரும்போது ஒரு எட்டு போயி பாரு. என்ன சொல்லணுமோ சொல்லு, என்னைய சொன்னாலும் சரி.

கேட்டு சத்தம் கேக்குது, அம்மா வந்துட்டா. மொச்சை ஒதட்ட தூக்கி ஈற போட்டோ எடுத்து அனுப்பு. லைட்ட போட்டுட்டு எடு.

அப்பா