ஹேவ்லாக்கிலிருந்து அம்மா

அன்புள்ள கண்ணா,

அப்பா தூங்கிவிட்டார். ஃபேனைக் குறைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் ஆரம்பித்தால் "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. ஊருக்குப் போனதும் நார்த்தங்காயோடு சேர்த்து கூரியரில் போடுகிறேன்.

முதலில் ஒன்று. ராத்திரி நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? பத்து மணிக்கு மேல் ஆர்டர் போட்டுச் சாப்பிட்டால் உனக்கு ஒத்துக்கொள்ளாது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒரு ரசமாவது வைத்துக்கொள். வீட்டில் யாராவது ஒருவர் சமைத்தால் போதும்.

நேற்று உனக்குப் பதினேழு போட்டோ அனுப்பினேன். இங்கே அந்தமானில் சிக்னல் சுமார்தான். ஆனாலும் 2020இல் சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் போட்டு, போர்ட் பிளேருக்கும் இந்தத் தீவுக்கும் இன்னும் சில தீவுகளுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள், எல்லாம் சேர்த்து சுமார் 2,300 கிலோமீட்டர் என்று கப்பலில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொன்னார். நீ பார்த்துவிட்டாய் என்று இரண்டு நீலக்குறியும் வந்தது. அதன் கீழே ஒரு கட்டை விரல். அவ்வளவுதான்.

சரி, நேற்றைய நாளைச் சொல்கிறேன். நீ இவ்வளவு செலவு செய்து அனுப்பியிருக்கிறாய், சொல்லாமல் இருந்தால் தப்பு. இந்த வயதில் எங்களை யார் கடலுக்குள் இறக்கியிருப்பார்கள்? பெரியத்தையிடம் போனில் சொன்னபோது எனக்குக் குரலே கம்மியது. மகன் அனுப்பினான் என்று இரண்டு தடவை சொன்னேன்.

இங்கே ஐந்தரைக்கே வெளிச்சம் வந்துவிடுகிறது. கோவிந்த நகர் கடைத்தெருவில் ஒரு வங்காளி அம்மா பூரியும் உருளைக்கிழங்கும் போட்டுக்கொடுத்தார். பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்கள்தான் இந்தத் தீவில் அதிகம். ஊர்ப் பெயரெல்லாம் கோவிந்த நகர், ராதா நகர், கிருஷ்ணா நகர், ஷ்யாம் நகர். தீவுக்கே 2018இல் ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், ஆனால் எல்லோர் வாயிலும் ஹேவ்லாக்தான். அப்பா இன்னும் இரண்டு பூரி கேட்டார், தண்ணீரில் இறங்கப் போகிறோம் என்று நான் தடுத்துவிட்டேன்.

ஜெட்டியிலிருந்து எலிஃபண்ட் பீச்சுக்குப் படகில் இருபது நிமிடம்கூட இல்லை. இறங்கியதும் லைஃப் ஜாக்கெட் மாட்டி மணலில் உட்கார வைத்தார்கள். எங்களுக்கு வந்த கைடு பையனுக்கு உன் வயதில் பாதிதான் இருக்கும். மாஸ்க்கின் கண்ணாடியில் எச்சிலைத் தடவிக் கழுவச் சொன்னான், அப்போதுதான் பனி படியாதாம். குழாயைப் பல்லால் கவ்விக்கொண்டு வாயால் மட்டும் மூச்சு விட வேண்டும். மூக்கை மாஸ்க் மூடிவிடுகிறது. எனக்கு முதல் பத்து நிமிடம் பயத்தில் மூச்சு முட்டியது. "மெதுவா, அம்மா, நீளமா விடுங்க" என்று அவன் தமிழிலேயே சொன்னான். ராமேஸ்வரம் பக்கத்துப் பையன். உன்னைப் போலவே பொறுமை.

தண்ணீருக்குள் பேச முடியாது என்பதால் சைகை சொல்லிக் கொடுத்தான். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்தால் 'நன்றாக இருக்கிறேன்' என்று அர்த்தம். கட்டை விரலை மட்டும் தூக்கினால் 'போதும், மேலே போக வேண்டும்' என்று அர்த்தம். ஆழத்தில் முக்குளிப்பவர்கள் உலகம் முழுக்க வைத்திருக்கிற சைகையாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு உன் ஞாபகமாகவே இருந்தது, கண்ணா. கார்த்திகையிலிருந்து நீ எனக்கு அனுப்புவதெல்லாம் அந்த விரல்தான்.

ஒரே மிதவை வளையத்தை நானும் அப்பாவும் பிடித்துக்கொள்ள, அவன் எங்களை இழுத்துக்கொண்டு நீந்தினான். முகத்தைத் தண்ணீரில் வைத்ததும் படகுச் சத்தமெல்லாம் அடங்கிப்போய் என் மூச்சு மட்டும் கேட்டது. கீழே கடல் சாமந்தி என்கிற பூ மாதிரியான பிராணியின் விரல்களுக்கு நடுவில் கோமாளி மீன்கள் ஒளிந்து ஒளிந்து எட்டிப் பார்த்தன. கிளிமீன் பாறையைக் கடிக்கிற சத்தம், கற்கண்டைக் கடிக்கிற மாதிரி, உண்மையாகவே காதில் விழுகிறது. அது கடித்துத் தின்று கழிப்பதெல்லாம் மணலாகிறது என்று பாடத்தில் எத்தனை வருடம் சொல்லியிருக்கிறேன்! பார்த்தது நேற்றுதான்.

எல்லா இடமும் வண்ணமாக இல்லை. பெரிய பெரிய திட்டுகள் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தன. 2010இல் கடல் சூடேறியபோது அந்தமான் முழுக்கப் பவளம் வெளுத்துப்போனது. உள்ளே குடியிருந்து சோறு போடுகிற பாசியைப் பவளம் வெளியேற்றிவிடும், அதனால்தான் அந்த வெள்ளை. வெளுத்த உடனே அது செத்துவிடுவதில்லை. தண்ணீர் சில வாரத்துக்குள் ஆறிவிட்டால் பாசி திரும்பி வரும், பவளமும் பிழைத்துக்கொள்ளும். ரொம்ப நாள் சூடு அப்படியே நின்றால்தான் போய்விடும். சாம்பல் திட்டு ஒன்றின் ஓரத்தில் விரல்கடை உயரத்துக்குப் புதிதாக ஊதா நிறத்தில் முளைத்திருந்ததை அந்தப் பையன் எனக்குக் காட்டினான். அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து நானும் காட்டினேன்.

மதியம் மீன் சாப்பாடு. கடுகு அரைத்துவிட்ட குழம்பு, சூரை மீன் வறுவல். அப்பாவுக்குக் கடுகு வாசனை பிடிக்கவில்லை, தயிர் வாங்கிச் சாப்பிட்டார். இளநீர் எங்கே பார்த்தாலும் கிடைக்கிறது. சாயங்காலம் ராதா நகர் கடற்கரை. ஐந்தரைக்குச் சூரியன் இறங்கியது. சுற்றிலும் புதுசாகக் கல்யாணமான பிள்ளைகள், கையில் வளையல் அடுக்கிய பெண்கள். நான் அதிகம் பார்க்கவில்லை.

ராத்திரிதான் அது நடந்தது. ஹோட்டல் பையன்கள் மூன்று பேர் மெழுகுவர்த்தி ஏற்றி கேக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்கள். அதில் உன் பெயரும் அவள் பெயரும் எழுதியிருந்தது.

ஐப்பசியிலேயே புக் செய்தபோது சொல்லிவைத்ததாம். மாற்ற நீ மறந்திருப்பாய். டிக்கெட்டில் தேதியைப் பார்த்தபோதே எனக்கு ஒன்று தோன்றியது. நான் கேட்கவில்லை. நீயும் "உங்களுக்காகத்தான்மா போட்டேன்" என்றாய். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் கத்தியை வாங்கி, எழுத்தில் படாமல் ஓரமாக ஒரு துண்டு வெட்டிச் சாப்பிட்டார். மீதியை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ரூம் ஃப்ரிட்ஜில் இருக்கிறது.

அந்த நாளில் இரண்டு பேரும் எங்கே இருந்தீர்கள், சாப்பிட்டீர்களா, பேசினீர்களா, எதையும் நான் கேட்கப் போவதில்லை. நீ விவரம் தெரிந்தவன். பன்னிரண்டாவதில் யார் சொல்லையும் கேட்காமல் எடுத்த முடிவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் தாத்தா காரியத்துக்கு வராமல் இருந்ததும் நீ எடுத்த முடிவுதான். பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருப்பது உன் பழக்கம். சாப்பிடு, தூங்கு, பேசு. வேறென்ன சொல்வது?

நான் இதைத்தான் எழுத உட்கார்ந்தேன், இவ்வளவு நேரம் மீனையும் பூரியையும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். கார்த்திகையில் ஒரு மத்தியானம் அவள் எனக்குப் போன் செய்தாள். "அத்தை, உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்றாள். அடுப்பில் பால் இருந்தது. அவள் இரண்டு வாக்கியம்கூட முடித்திருக்க மாட்டாள். "எல்லா வீட்டிலும் இருக்கிறதுதான்மா, அவனுக்கு ஆபீஸ் டென்ஷன், நீதான் கொஞ்சம் அனுசரித்துப் போகணும்" என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரி அத்தை" என்று வைத்துவிட்டாள்.

உன்னிடமும் சொல்லவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. பொங்கலுக்கும் கூப்பிடவில்லை என்று நான் அதை அவள் குற்றமாகவே எழுதி வைத்துக்கொண்டேன். நானும் கூப்பிடவில்லை. கைநீட்டி வந்த பெண்ணை நான்தான் திருப்பி அனுப்பினேன். உனக்குப் பரிந்து பேசுவதாக நினைத்துச் செய்தேன், அது உனக்கும் நல்லதாக முடியவில்லை. எனக்கு என் மாமியார் சொன்ன அதே வார்த்தை அது. அன்றைக்கு அது எனக்கு எப்படி வலித்தது என்பதை மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நான் போன் செய்யப் போகிறேன். உனக்காகத் தூது போகவில்லை. அன்று சரியாகக் கேட்காததற்கு மன்னிப்பு கேட்கத்தான். அவள் எடுக்கவில்லை என்றால் மறுபடியும் செய்வேன். நீ அவளிடம் பேசுகிறாயா என்பது உன் விஷயம். பேசு. முடிந்தால் நேரில் போய்ப் பேசு, மெசேஜ் வேண்டாம்.

இன்னொன்று. தண்ணீரில் மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்து அப்பா பதறிக் காலை ஊன்றிவிட்டார். பவளம் உரசிக் குதிகாலுக்கு மேல் கிழித்திருக்கிறது. என்னிடம் சொல்லவே இல்லை, சாயங்காலம் முழுக்க அதோடு மணலில் நடந்திருக்கிறார். இன்றைக்குக் காலையில் செருப்பு போட முடியாமல் போனபோதுதான் பார்த்தேன், சிவந்து வீங்கியிருந்தது. பவளத்தின் பொடி உள்ளே நின்றுவிட்டால் புண் லேசில் ஆறாது. நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டேன். அவருக்குச் சர்க்கரை வேறு. இங்கே ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருக்கிறது, வரமாட்டேன் என்கிறார். இந்தக் கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று காலையில் உனக்கு மெசேஜ் போடுகிறேன். விரலை அனுப்பாதே. அப்பாவைக் கூப்பிட்டு டாக்டரிடம் போகச் சொல். நீ சொன்னால் கேட்பார்.

அம்மா